மாத்திரை மாறவில்லை, மற்றவை மாறின

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் இதயத்தைக் காட்டிவிட்டு மொரீசியஸ் திரும்புகிறவர்களின் பையில் சில மாதங்களுக்கான மாத்திரைகள் இருக்கும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர் என்றால் அவற்றில் ஆசிட்ரோம் அட்டை ஒன்றும் இருக்கலாம். முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறிய எழுத்தில் அசெனோகூமரோல் என்று போட்டிருப்பதே மருந்தின் பெயர். ஊர் வந்து சேர்ந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வார்ஃபரின் எழுதிக் கொடுக்கிறார்கள். நிறம் வேறு, வடிவம் வேறு, பெயர் வேறு. அது அங்கே கொடுத்தது, இது இங்கே கொடுத்தது என்று இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிடுகிறார்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் பல் துலக்கும்போது ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும், மலம் கறுக்கும். மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இவர் எந்த மருத்துவரின் சொல்லையும் மீறவில்லை. இரண்டு மருத்துவர்கள் சொன்னதையும் அப்படியே கேட்டிருக்கிறார். வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்ற அறிவுரையோடு நின்றுவிடும் கட்டுரைகள் போதாதவை என்று எனக்குப் படுவது இதனால்தான். துடிப்பு மருந்தில் மாத்திரை அப்படியே இருக்கும். அதைச் சுற்றி உணவும் உடம்பும் பக்கத்து மாத்திரையும் மாறும். வம்பு அந்த வழியாக வருகிறது.

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எப்போதாவது நெஞ்சு படபடப்பது எல்லாருக்கும் உண்டு; அதற்கெல்லாம் மருந்து தேவையில்லை. மருந்து வேண்டியவற்றில் அதிகம் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் கட்டி உருவாகி, அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இன்னொன்று, கீழறைகளிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு. இது நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்க்கக்கூடியது.

மருந்துகளும் மூன்று வகையாகப் பிரியும். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால், டிகாக்சின் போன்றவை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். அமியோடரோன், சோட்டலால், ஃபிளெகைனைட் போன்றவை ஒழுங்கு குலையாமல் பிடித்து வைக்கும். வார்ஃபரின், அசெனோகூமரோல், புதிதாக வந்த அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் ஆகியவை ரத்தக் கட்டியைத் தடுக்கும். பலர் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே எடுக்கிறார்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரை நெஞ்சில் எந்த மாற்றத்தையும் காட்டாது. படபடப்பு நின்றுவிட்டதே, இது எதற்கு என்று முதலில் கைவிடப்படுவது அதுதான். பக்கவாதத்துக்குக் காவல் நிற்பதும் அதுதான்.

இந்த மருந்துகளிடம் ஏன் இத்தனை எச்சரிக்கை? இதயம் மின்னோட்டத்தால் துடிக்கிறது; அதை மாற்றித் துடிப்பைத் திருத்தும் மருந்தே அளவு பிசகினால் துடிப்பைக் குலைக்கும். அமெரிக்காவில் 1980களின் இறுதியில் காஸ்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டு, அவ்வப்போது கூடுதல் துடிப்பு வந்தவர்களுக்கு என்கைனைட் அல்லது ஃபிளெகைனைட் கொடுத்தார்கள். கூடுதல் துடிப்புகள் அடங்கின. இ.சி.ஜி. தாள் அழகாக வந்தது. 1991-ல் வெளியான கணக்கில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். தாளைத் திருத்திய மருந்து ஆளைக் கொன்றிருந்தது. ஃபிளெகைனைட் இன்றும் பயன்படுகிறது. ஆனால், இதயத்தின் அமைப்பில் பழுதில்லை என்று எக்கோ ஸ்கேன் பார்த்து உறுதி செய்தவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட துடிப்பு மாத்திரையை நாமும் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடக் கடுமையான பதில் இல்லை.

அமியோடரோனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே பலருக்குக் கோர்டரோன் என்ற பெயரில் அது பழக்கம். நன்றாக வேலை செய்யும் மருந்து. உடம்பைவிட்டுப் போக மனமில்லாத மருந்தும்கூட. கொழுப்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் போய்த் தங்கிவிடும். நிறுத்திய பிறகு உடலில் உள்ள அளவு பாதியாகக் குறையவே சராசரியாக ஏழெட்டு வாரம் ஆகும். நிறுத்தி ஒரு மாதம் ஆயிற்றே, இனிப் புது மருத்துவரிடம் அதைச் சொல்வானேன் என்று நினைக்கக் கூடாது. சொல்ல வேண்டும்.

200 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 0.15 மி.கி. மட்டுமே. மாத்திரையில் உள்ளது முழுவதும் பிரிந்து வருவதில்லை என்றாலும், வருவதே தேவையைப்போலப் பல மடங்கு. அதனால் தைராய்டு அடங்கிப் போகலாம், அல்லது மிஞ்சிப் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கும் ஈரலுக்கும் ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ புதிதாக வந்தால் நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம். சளி என்று விட்டுவிடக் கூடாது. வெயிலும் இந்த மருந்துக்கு ஆகாது. தோல் சுலபத்தில் கன்றும், நாளடைவில் முகத்தில் நீலச் சாம்பல் நிறம் படியலாம். கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் தோட்ட வேலை செய்கிறவர்களும் தொப்பி, முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே நிற்பது நல்லதல்ல.

அமியோடரோன் மற்ற மருந்துகளையும் சும்மா விடாது. வார்ஃபரின் எடுப்பவருக்கு இதைத் தொடங்கினால் வார்ஃபரினின் வீரியம் கூடும். அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்க வேண்டி வரும், அதுவும் சில வாரங்களில் மெல்ல மெல்ல. டிகாக்சினோடு சேர்ந்தால் டிகாக்சினைப் பாதியாக்குவது வழக்கம். கொழுப்புக்கு எடுக்கும் சிம்வாஸ்டேட்டின் 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. இதையெல்லாம் நோயாளி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த மாத்திரை எனக்கு இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் போதும். மீதி மருத்துவரின் பொறுப்பு.

வாய் திறக்காமல் போகும் இடம் மருந்துக்கடைக் கவுண்டர். வயிற்றுப்போக்கு, வாந்தி, தொண்டை வலி, மூக்கடைப்பு என்று போய் நிற்கும்போது நெஞ்சு நினைவுக்கு வருவதில்லை. வாந்திக்குக் கேட்கும் டோம்பெரிடோன், தொண்டைக்குத் தரும் கிளாரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் எல்லாம் இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று சொல்லப்படும் இடைவெளியை நீட்டக் கூடியவை. இதயம் ஒரு துடிப்பு முடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரம் அது. சோட்டலாலும் அமியோடரோனும் ஏற்கெனவே அதை நீட்டி வைத்திருக்கும். மேலும் நீண்டால் கீழறை கட்டுப்பாடிழந்து துடித்து ஆள் மயங்கி விழலாம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் துடிப்பை விரட்டும். முழங்கால் வலிக்குத் தாராளமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகியவை உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாகலாம். எனக்குத் துடிப்புக் கோளாறு, இன்ன மாத்திரை எடுக்கிறேன் என்ற வாக்கியம் கவுண்டரில் முதலில் வர வேண்டும், வியாதி அப்புறம்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் மருந்து இல்லாமலேயே ஆபத்து. பொட்டாசியமும் மக்னீசியமும் வெளியே போய்விடும். அவை குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகத் திரும்பும், சோட்டலால் துடிப்பைக் குலைக்கும். நீர் இறங்க ஃபுரோசமைட் எடுப்பவருக்கு இன்னும் சீக்கிரம் குறையும். டிகாக்சின் மிஞ்சியதற்கு அடையாளம் பசி போவது, குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது. வயதானவருக்கு நாலு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் நாம் வயதைத்தான் குறை சொல்வோம். டிகாக்சின் எடுப்பவராக இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

இனிச் சாப்பாடு. இந்தத் தீவில் கீரை இல்லாத வீடு இல்லை. சந்தையில் பிரேட் முரூம் என்று கேட்டு வாங்கும் முருங்கைக்கீரை, சௌசௌ கொடியின் தளிர், தண்ணீர்க் கரையில் வளரும் கிரெசோன். எல்லாம் வைட்டமின் கே உள்ளவை. வார்ஃபரினும் அசெனோகூமரோலும் வேலை செய்வதே அந்த வைட்டமினை முடக்கித்தான். இதைக் கேள்விப்பட்டதும் கீரையையே விலக்கிவிடுகிறார்கள்; அது தவறான முடிவு. தினமும் ஒரு கிண்ணம் கீரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கிண்ணத்தைக் கணக்கில் எடுத்தே மருந்தின் அளவு பொருந்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்தம் அளவுக்கு மீறி இளகும். திடீரென்று இரு மடங்கு சாப்பிட்டால் உறையும். நேற்றுப் போலவே இன்றும் சாப்பிட்டால் சரி. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பரிசோதனையில் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் பெரும்பாலானோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். அபிக்சபான் வகைக்குக் கீரை ஒரு பொருட்டில்லை, ஐ.என்.ஆர். பார்ப்பதும் இல்லை. ஆனால் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும், ஈரிதழ் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும் அந்தப் புது வகை கொடுப்பதில்லை. அவர்கள் வார்ஃபரினோடும் ரத்தப் பரிசோதனையோடும்தான் காலம் தள்ள வேண்டும். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் அமியோடரோன் எடுப்பவருக்கு வேண்டாம். குடலிலேயே மருந்தைக் குறைக்கும் நொதியை அவை முடக்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு ஏறும்.

மூலிகை என்றால் பாதகம் இல்லை என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கூடவே இந்த ஊரில் திசான் என்று சொல்லும் மூலிகைத் தேநீர்ப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. சமையலில் போடும் மஞ்சள், இஞ்சி, பூண்டு பற்றிக் கவலை வேண்டாம். அவற்றையே மாத்திரையாக்கி விற்பதை உறைவுத் தடுப்பு மருந்தோடு எடுக்கக் கூடாது. தொண்டைக்கு இதம் என்று நாள்தோறும் போட்டுக் குடிக்கும் அதிமதுரம் பொட்டாசியத்தை வெளியேற்றும். கோயில் மாலைக்கு வளர்க்கும் அரளியின் நஞ்சோ டிகாக்சினின் பங்காளி. இதயத்தில் செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே. நாட்டு வைத்தியம் என்று அரளி வேரையோ விதையையோ யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடலாம்.

இப்போது விரதம். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அதற்கு முன் பத்து நாள் விரதம். காத்ர் போர்னில் கோர் தெ கார்து மலையடிவாரத்து முருகன் கோயிலில் படியேறுகிறவர்களில் தலை நரைத்தவர்கள் நிறையப் பேர். ஜனவரி, பிப்ரவரி இங்கே கொளுத்தும் கோடை. வெறும் வயிறு, வெறும் கால், தார் சூடு, தோளில் சுமை. மருந்து எடுப்பவருக்கு இந்தப் பத்து நாளில் ஏறக்குறைய எல்லாமே மாறுகிறது.

ஒரு வேளைச் சாப்பாடு என்றால் வைட்டமின் கே வரத்துக் குறையும், ஐ.என்.ஆர். ஏறும். அல்லது அசைவம் விட்டதற்கு ஈடாகக் கீரை கூடும், ஐ.என்.ஆர். இறங்கும். ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும்; அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு அதை வைத்துக்கொள்ள வேண்டும். வியர்த்துத் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் மந்தமாகும். டிகாக்சின், சோட்டலால், டாபிகாட்ரான் மூன்றும் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை என்பதால் ரத்தத்தில் தேங்கும். இங்கே வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். விரதத்தில் சர்க்கரை இறங்கும்போது நெஞ்சு படபடத்து எச்சரிக்கும். பிசோப்ரோலால் வகை மருந்து அந்தப் படபடப்பை அடக்கிவிடும். மிஞ்சுவது வியர்வை மட்டும். காவடி ஊர்வலத்தில் வியர்வையை யார் கவனிப்பார்கள்?

அலகு குத்துவது தனிப் பேச்சு. உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர் நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொண்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. இது தெரிந்து சிலர் நான்கைந்து நாள் முன்பாகவே மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் கொட்டும் அபாயத்துக்குப் பயந்து, கட்டி உருவாகும் அபாயத்தை வாங்கிக்கொள்கிற வேலை அது. என் கருத்தைக் கேட்டால், இவர்கள் அலகு குத்தக் கூடாது. பால்குடம் இருக்கிறது, அலகில்லாத காவடி இருக்கிறது, நேர்த்தியை மகனோ பேரனோ எடுத்துச் செலுத்தலாம். முருகன் கணக்குப் பார்க்கமாட்டான். விரதம் இருந்தே தீருவேன் என்பவர் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரை எந்த வேளை என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரைக்குக் குடிக்கும் ஒரு வாய் தண்ணீரால் விரதம் கெடும் என்று சொல்கிறவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

மழைக்காலத்தில் டெங்கு, சிக்குன்குனியா. இரண்டும் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். ஏற்கெனவே ரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவருக்கு அது இரட்டிப்பு ஆபத்து. காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது. பாரசிட்டமால் எடுக்கலாம், ஆனால் முழு அளவில் நாள்கணக்கில் எடுத்தால் அதுவும் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும். ஐ.என்.ஆர். பார்க்கும் தேதியை முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

அதே பருவத்தில்தான் புயலும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை மறந்திருக்கமாட்டோம். எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் மருந்துக்கடைக்குப் போக முடியாது. நவம்பர் முதல் மே வரை கையில் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மாத்திரை இருக்கட்டும், குளியலறையிலும் காரிலும் வைக்காமல். டாபிகாட்ரான் ஈரத்தில் கெடும். அதை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வாராந்திர டப்பாவில் போடக் கூடாது, கேப்சூலையும் உடைத்துப் போடக் கூடாது.

மறந்துபோன வேளைக்கு என்ன செய்வது என்பதை எல்லாரும் கேட்பார்கள். வார்ஃபரின் அன்றைக்கே நினைவு வந்தால் எடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டு, மருத்துவமனை அட்டையில் குறித்து வைக்க வேண்டும். அபிக்சபான் போல நாளுக்கு இரு வேளை எடுப்பது என்றால் ஆறு மணி நேரத்துக்குள்ளும், ரிவரோக்சபான் போல ஒரு வேளை எடுப்பது என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் எடுக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். எதற்கும் இரட்டை அளவு கிடையாது. பிசோப்ரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். ஓர் ஊருக்குப் போனபோது கொண்டுபோக மறந்தேன் என்பதுகூட நிறுத்தியதுதான். பல் பிடுங்குவதற்கு முன்னும் தானாக நிறுத்தக் கூடாது. பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

பாம்பிள்மூஸ் அல்லது கேண்டோஸ் அரசு மருத்துவமனையில் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இந்தியாவில் வாங்கியது, தனியார் கிளினிக்கில் எழுதியது, அண்ணன் மகன் பிரான்சிலிருந்து அனுப்பியது, திசான் பொட்டலம் எதுவும் விடுபடாமல். மேசையில் கொட்டிவிட்டு, இவற்றில் எவை ஒரே மருந்து என்று கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலியோடு துடிப்பு எகிறினாலோ, வாய் கோணிக் கை சோர்ந்தாலோ, தலையில் அடிபட்டாலோ மட்டும் பையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 114-க்குப் போன் செய்து சாமு ஆம்புலன்ஸை வரவழைத்து, மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.